உறங்கும் வௌவாலும் விழித்திருக்கும் பூசணமும்

மழைக்காலத்தில் சில நாள் தொடாமல் வைத்த தோல் செருப்பை எடுத்துப் பாருங்கள். மேலே சாம்பலும் பச்சையுமாகப் பூசணம் பூத்திருக்கும். பூசண வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. மூச்சுக்கு மூச்சு அவற்றை நாமும் உள்ளிழுக்கிறோம். செருப்பில் செழிப்பாக வளர்வது நம் நுரையீரலில் ஏன் வளர்வதில்லை?

இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் வித்துகளை விழுங்கிவிடுகின்றன என்பது பாதி விடைதான். மறுபாதி வெப்பநிலையில் இருக்கிறது. 4,800-க்கும் மேற்பட்ட பூஞ்சை மாதிரிகளைப் பற்றிய ஓர் ஆய்வு 2009-இல் வெளியாயிற்று. வெப்பநிலை 30 டிகிரி செல்சியசைத் தாண்டியபின், ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 6 சதவீத மாதிரிகள் வளர முடியாமற் போயின. நம் உடலின் 37 டிகிரி ஒரு மதில் என்றே சொல்லலாம். படர்தாமரைப் பூஞ்சை உள்ளே இறங்காமல், சற்றுக் குளிர்ந்த தோலோடு நின்றுவிடுவதற்கும் இது ஒரு காரணம்.

அந்த மதிலை ஒரு பிராணி தானே தாழ்த்திக்கொண்டால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகருக்கு அருகே ஒரு குகையில், 2006 பிப்ரவரியில் எடுத்த புகைப்படத்தில் சில வௌவால்களின் மூக்கில் மாவு அப்பியதுபோல் வெண்மை தெரிந்தது. 'வெள்ளை மூக்கு நோய்' என்று அதற்குப் பெயர் வந்தது. நோயை உண்டாக்கும் பூஞ்சையின் பெயர் சூடோஜிம்னோஆஸ்கஸ் டிஸ்ட்ரக்டன்ஸ். இது குளிர் விரும்பி. 12 முதல் 16 டிகிரி வரை நன்றாக வளரும்; 20 டிகிரியை நெருங்கினால் வளர்ச்சி நின்றுவிடும். விழித்திருக்கும் வௌவாலை இதனால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் அங்கே குளிர்காலத்தில் பூச்சிகள் கிடைப்பதில்லை. எனவே வௌவால்கள் ஈரமான குகைகளில் தொங்கியபடி மாதக்கணக்கில் உறங்குகின்றன. அப்போது உடல் வெப்பம் குகையின் வெப்பத்துக்கே, அதாவது ஏறக்குறைய 5 முதல் 10 டிகிரிக்கு இறங்கிவிடும். செலவைக் குறைப்பதற்காக நோய் எதிர்ப்பாற்றலும் அடங்கிவிடும். காவற்காரனும் உறங்குகிறான், மதிலும் இல்லை! பூஞ்சை மெல்ல மெல்லச் சிறகின் தோலைத் தின்கிறது.

தோல் புண்ணானால் சாவு ஏன்? பௌதிக ஆசிரியனான எனக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் திருப்தி. சுமார் 8 கிராம் எடையுள்ள சிறு பழுப்பு வௌவால் குளிர்காலத்துக்கென்று ஏறக்குறைய 2 கிராம் கொழுப்பைச் சேர்த்து வைக்கிறது. இடையிடையே அது விழித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் உடலைச் சூடாக்கிச் சில மணி நேரம் அப்படியே வைத்திருக்க 0.1 கிராம் கொழுப்புச் செலவாகிறது. நோயற்ற வௌவால் சுமார் 16 நாளுக்கு ஒருமுறை விழிக்கும். 180 நாளில் 11 தடவை; செலவு 1.1 கிராம். நோயுற்று இறந்தவையோ சுமார் 8 நாளுக்கு ஒருமுறை விழித்தன. மீதிக் கணக்கை நீங்களே போடுங்கள். கையிருப்பு வசந்தம் வருமுன்பே தீர்ந்துவிடுகிறது.

வசந்தம்வரை பிழைத்தவற்றுக்கும் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. உடல் சூடானதும் எதிர்ப்பாற்றல் திடீரென விழித்து, பூஞ்சை புகுந்த சிறகின்மேல் கடுமையாகப் பாய்கிறது. அந்த அழற்சியே சில வௌவால்களின் சிறகைக் கிழித்துவிடுவதுண்டு.

இதே பூஞ்சை ஐரோப்பாவிலும் இருக்கிறது. அங்கே வௌவால்கள் கூட்டங்கூட்டமாகச் சாவதில்லை. நெடுங்காலப் பழக்கம் போலும். வட அமெரிக்காவிலோ மூன்று வகை வௌவால்களில் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்துவிட்டன.

2014-இல் வெளியான ஒரு சோதனையில், 10 டிகிரியில் உறங்கிய நோயுற்ற வௌவால்களைவிட 4 டிகிரியில் உறங்கியவை அதிகம் பிழைத்தன. குளிர் கூடினால் பூஞ்சையின் வேகமும் குறைகிறதல்லவா? இதை வைத்துப் பென்சில்வேனியாவில் சில பழைய சுரங்கங்களின் காற்றோட்டத்தை மாற்றி, உள்ளே குளிர் கூடும்படி செய்திருக்கிறார்கள். பலன் முழுதாகத் தெரியப் பல்லாண்டு ஆகும். ஏனெனில் சிறு பழுப்பு வௌவால் ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான் ஈனும்.