சிலந்தி கடிக்காமலே ஓர் ஆட்டம்

கனத்த குரல் கொண்ட செல்லோவைத் துள்ள வைத்தவர் டேவிட் பாப்பர்

செல்லோ என்றதும் சோகம்தான் நினைவுக்கு வரும். வயலினைப் போல ஏறக்குறைய இரு மடங்கு நீளமான தந்திகள், தாழ்ந்த சுருதி, மனிதக் குரலின் கனம். இரங்கல் கூட்டத்தில் வாசிக்க ஏற்ற கருவி, ஆட்டம்பாட்டத்துக்கு லாயக்கில்லை என்று தோன்றும். அந்த நினைப்பைச் சில நிமிடங்களில் மாற்றிவிடுகிறது பாப்பரின் 'டாரன்டெல்லா'. செல்லோவுக்கும் பியானோவுக்குமாக எழுதப்பட்ட, மூச்சு வாங்க வைக்கும் நடன இசை இது.

இந்த நடனத்தின் பூர்வீகம் தென் இத்தாலி. டாரன்டோ வட்டாரத்தில், சிலந்தி கடித்தவர்கள் ஆடித்தான் விஷத்தை இறக்க வேண்டும் என்று நம்பினார்கள். வயலினும், கஞ்சிராவைப் போன்ற தம்பூரினும் மணிக்கணக்கில் முழங்கும். 1959இல் சாலென்டோ பகுதியில் இதை ஆராய்ந்தார் எர்னஸ்டோ டி மார்டினோ. அங்கே வயலின் வாசித்து 'சிகிச்சை' அளித்தவர் லூயிஜி ஸ்டிஃபானி என்ற முடிதிருத்துநர். ஆடியவர்களில் பெரும்பாலோர் ஏழை விவசாயப் பெண்கள். பலருக்குச் சிலந்தி ஒரு சாக்கு. வறுமை, விருப்பமில்லாத கல்யாணம் என்று வெளியே சொல்ல முடியாத வேதனைகளுக்கு ஆட்டம் வடிகாலானது.

பாப்பருக்கோ வேறு கவலை. யூத ஆலயப் பாடகரின் மகனாக 1843இல் பிராக் நகரில் பிறந்தவர். 1868இல் வியன்னா அரசவை ஓபராவின் முதன்மை செல்லோ கலைஞரானவர். வயலினுக்கும் பியானோவுக்கும் திறமை காட்டும் உருப்படிகள் குவிந்து கிடந்தன. செல்லோவுக்கு மிகக் குறைவு. எனவே தானே எழுதினார்.

டாரன்டெல்லாவின் ஓட்டத்தை நம் கச்சேரி ரசிகர்கள் திஸ்ர நடை என்று புரிந்துகொள்ளலாம். வில் தந்தியில் பட்டுத் துள்ள வேண்டும். மேல் ஸ்வரங்களுக்குப் போகும்போது, வழக்கமாகக் கருவியின் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் இடது கட்டைவிரல் முன்னே வந்து தந்தியை அழுத்துகிறது. அதை ஆதாரமாக வைத்து மற்ற விரல்கள் ஓடுகின்றன. வீணையில் இருப்பதுபோல் மெட்டுகள் கிடையாது. விரல் இம்மி பிசகினாலும் சுருதி போய்விடும். தம்பூரின் செய்த வேலையைப் பியானோ ஏற்றுக்கொண்டு, தாளத்தை விடாமல் விரட்டுகிறது.

இதெல்லாம் ஆழமில்லாத விரல் வித்தை என்பவர்கள் உண்டு. ஆனால் இந்த வித்தை மேடையோடு நின்றுவிடவில்லை. 1886 முதல் புடாபெஸ்ட் இசைக் கழகத்தில் கற்பித்த பாப்பர், தன் உத்திகளை 40 பயிற்சிப் பாடங்களாகவும் எழுதி வைத்தார். செல்லோ மாணவர்கள் இன்றும் அவற்றோடு மல்லுக்கட்டுகிறார்கள். அவருடைய மாணவர் அடால்ஃப் ஷிஃபர். ஷிஃபரின் மாணவர் யானோஸ் ஸ்டார்க்கர். ஹங்கேரிய மேதை கோடாய் 1915இல் துணைக்கருவி இல்லாமல் தனி செல்லோவுக்கென்றே எழுதிய கடினமான சொனாட்டாவை வாசித்துப் புகழ் பெற்றவர் ஸ்டார்க்கர். அந்தக் கனமான இசைக்கு விரல்களைப் பழக்கியதில் பாப்பரின் துள்ளல் இசைக்கும் பங்குண்டு.