போங்கடிப்பவனும் ஆட்டத்தைக் கலைப்பவனும்

கோல்ஃபைப் பற்றி இந்தப் பக்கங்களில் என்ன பேச்சு என்று கேட்கலாம். கோல்ஃப் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது அது விழுங்கும் நிலமும் தண்ணீரும்தான். அந்த வழக்கு அப்படியே இருக்கட்டும். நான் பேச வந்தது வேறு: நடுவர் இல்லாத ஓர் ஆட்டத்தில் ஒருத்தன் ஏமாற்றினால் அதை யார், எப்படிக் கேட்பது என்பது.

பெரிய போட்டிகளில் நடுவர்கள் சுற்றிவருவார்கள். அமெச்சூர்கள் ஆடும் வாரக்கடைசி ஆட்டத்தில் ஆட்டக்காரனே நடுவர். பந்து அசைந்துவிட்டால், யாரும் பார்க்காவிட்டாலும், தானே ஓர் அடியைக் கூட்டி எழுதிக்கொள்ள வேண்டும். 1925 அமெரிக்க ஓப்பனில் பாபி ஜோன்ஸ் அதைத்தான் செய்தார். கடைசிவரை பணத்துக்கு ஆடாத அமெச்சூர் அவர். அதிகாரிகள் பார்க்கவில்லை என்று சொல்லியும் கேட்காமல் தண்டனை அடியைச் சேர்த்துக்கொண்டார். ஆட்டம் சமனில் முடிந்து, மறு ஆட்டத்தில் வில்லி மக்ஃபார்லேனிடம் தோற்றார். அந்த ஓர் அடி இல்லையென்றால் கோப்பை அவருடையது.

கோல்ஃப் உலகம் இதைப் புராணம் மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. ஜோன்ஸின் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. புராணம் செய்யும் வேலைதான் சந்தேகத்துக்குரியது. 'நாங்கள் கனவான்கள், எங்களுக்குக் கண்காணிப்பு தேவையில்லை' என்பது அதன் உட்பொருள். இந்தக் கனவான் எப்படி உருவாக்கப்பட்டார்? 1885இல் இங்கிலாந்தின் ஹாய்லேக்கில் முதல் அமெச்சூர் சாம்பியன்ஷிப் நடந்தபோது டக்ளஸ் ரோலண்ட் என்ற கல்கொத்தரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார்கள். முந்தைய ஆண்டு ஓப்பனில் அவர் பரிசுப் பணம் வாங்கியிருந்தார் என்பது காரணம். உள்ளூர்க்காரரான ஜான் பாலும் 1878இல், சிறுவனாக இருந்தபோது, ஓப்பனில் பத்து ஷில்லிங் வாங்கியவர்தான். அவர் மட்டும் அமெச்சூராகவே நீடிக்க முடிந்தது. ஆக, கனவானின் சொல்லை நம்புவது என்பதற்கு முன்னால், யாருடைய சொல் நம்பத் தகுந்தது என்பதை வாசலிலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

ஜோன்ஸின் பந்து அசைந்தது ஒரு நிகழ்ச்சி. பார்த்தது ஒருவரே என்றாலும் பார்க்க முடிகிற நிகழ்ச்சி. மட்டையைத் திருத்துவது அப்படிப்பட்டதல்ல. தொலைதூர அடிக்கான மட்டையை டிரைவர் என்பார்கள். அதன் தலை உள்ளே வெற்றிடமுள்ள டைட்டானியக் கூடு. பந்து படும்போது முகத்தகடு கயிற்றுக்கட்டில் மாதிரி அமுங்கி எழுந்து பந்தைத் தள்ளுகிறது. தகடு எவ்வளவு மெலிதோ அவ்வளவு தள்ளல். அதனால்தான் விதிக்கு ஒரு வரம்பு உண்டு. ஊசல் ஒன்றைத் தகட்டில் மோதவிட்டு, இரண்டும் ஒட்டியிருக்கும் நேரத்தை அளக்கிறார்கள். 239 மைக்ரோவினாடி வரம்பு. சோதனைப் பிழைக்காக 18 கூட்டி 257 வரை விடுவார்கள். ஒரு மைக்ரோவினாடி என்பது வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்த இடுக்கில்தான் திருட்டு நடக்கிறது. உட்பக்கமிருந்து தகட்டைச் சுரண்டி மெலிதாக்கிவிடுகிறார்கள். வெளியே அதே பெயர், அதே வர்ணம். அனுமதிக்கப்பட்ட மட்டைகளின் பட்டியலில் அந்த மாடலின் பெயரும் இருக்கும். பட்டியல் மாடலுக்குச் சாட்சி சொல்லும். கையிலிருக்கும் மட்டைக்குச் சொல்லாது.

அப்படிப்பட்ட மட்டையோடு வருகிறவன் பந்தை நகர்த்துவதில்லை, அடியைக் குறைத்து எழுதுவதில்லை. கண்ணுக்குத் தெரிகிற எல்லா விதியையும் ஒழுங்காகப் பின்பற்றுகிறான். ஏமாற்று அவன் செயலிலிருந்து கழன்று பொருளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

சரி, எப்போதும் அந்த மட்டையாலேயே ஆடுகிறான் என்று வச்சுக்குவோம். அவனுடைய ஹேண்டிகேப், அதாவது பலவீனமான ஆட்டக்காரனுக்குத் தரும் சலுகை அடிகள், தானாகவே குறைந்துவிடும். லாபம் பெருமளவு கரைந்துபோகும். சாமர்த்தியசாலி அப்படிச் செய்வதில்லை. சாதாரண நாளில் நல்ல மட்டை, கோப்பைக்கு ஆடும் நாளில் சுரண்டிய மட்டை. சலுகையை ஒரு மட்டையால் சம்பாதித்து இன்னொரு மட்டையால் செலவழிக்கிறான்.

இனி, கேட்பது. டச்சு வரலாற்றாசிரியர் ஹுய்சிங்கா விளையாட்டைப் பற்றி 1938இல் எழுதிய நூலில் இரண்டு பேரைப் பிரித்துக் காட்டுகிறார். போங்கடிப்பவன் விதியை மதிப்பதுபோலப் பாவனையாவது செய்கிறான். ஆட்டத்தைக் கலைப்பவனோ ஆட்டம் என்ற மாயத்தையே உடைக்கிறான். ஆகவே சமூகம் முன்னவனை மன்னித்தாலும் பின்னவனை மன்னிப்பதில்லை என்கிறார். தெருவில் கோலி ஆடிய யாருக்கும் இது புரியும். கோல்ஃப் கிளப்பில் நடப்பது இதன் இன்னும் கொடூரமான வடிவம். 'உங்க மட்டையைக் கொஞ்சம் பார்க்கலாமா?' என்று கேட்டவன்தான் அங்கே ஆட்டத்தைக் கலைப்பவன் ஆகிறான். எல்லோரும் கனவான்கள் என்பது முதல் விதியாக இருக்கும் இடத்தில் சந்தேகம்தான் முதல் குற்றம். ஃபூக்கோ சொன்ன கண்காணிப்பு, பார்க்கப்படுகிறவனை ஒழுங்குபடுத்தியது. இங்கே பார்க்கிறவனே கண்ணைத் தாழ்த்திக்கொள்ளப் பழக்கப்படுகிறான். 'நமக்கெதுக்கு வம்பு' என்பதற்கு அங்கே பண்பாடு என்று பெயர்.

இவ்வளவுக்கும் விதிப்புத்தகம் மௌனத்தின் பக்கம் இல்லை. அடிகளை எண்ணி ஆடும் போட்டியில், இன்னொருவர் விதியை மீறியதாகத் தெரிந்தாலோ நம்பினாலோ அவரிடமோ கமிட்டியிடமோ சொல்ல வேண்டும் என்கிறது. தெரிந்த விதியைச் சேர்ந்து புறக்கணிக்க இரண்டு பேர் ஒத்துக்கொண்டால் இருவருக்குமே தகுதியிழப்பு. ஆனால் கிளப்பில் யாரும் அப்படி வாய்விட்டு ஒப்பந்தம் போடுவதில்லையே!

இன்னொரு தரப்பும் உண்டு. 2000இல் கேலவே நிறுவனம் வரம்பை மீறிய டிரைவர் ஒன்றை வெளிப்படையாகவே விற்றது. பொழுதுபோக்காக ஆடுகிறவர்கள் அதைப் பயன்படுத்தினால் என்ன தப்பு என்றார் ஆர்னால்ட் பால்மர். பெரிய கண்டனம் எழுந்தது. எனக்கென்னவோ பால்மர் சொன்னதில் பாதி நியாயம் இருப்பதாகவே படுகிறது. நான்கு பேரும் அறிந்து, ஒத்துக்கொண்டு ஆடினால் அது வேறொரு ஆட்டம், அவ்வளவுதான். மீறலும் வஞ்சகமும் ஒன்றல்ல. சுரண்டிய மட்டையின் பிரச்சினை அது கூடுதலாகத் தள்ளுகிறது என்பதல்ல. மற்ற மூவருக்கும் தெரியாமல் தள்ளுகிறது என்பதுதான்.

இதிலும் ஒரு சிக்கல். யாரும் தொடாமலே, அடித்து அடித்துத் தகடு தேய்ந்து வரம்பைத் தாண்டிவிடும். 2025 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் ரோரி மக்கில்ராயின் டிரைவரும், கோப்பையை வென்ற ஸ்காட்டி ஷெஃப்லரின் டிரைவரும் ஆட்டத்துக்கு முந்தைய சோதனையில் தேறவில்லை. இருவரும் வேறு டிரைவர் வைத்து ஆடினார்கள். ஆகவே மட்டை தோற்றால் ஆள் திருடன் என்றாகாது. 2019 ஓப்பனில் இதே நிலைமையில் மாட்டிய ஸாண்டர் ஷாஃப்லே, சக ஆட்டக்காரர்கள் தன்னை ஏமாற்றுக்காரன் என்று கேலி செய்வதைச் சொல்லிக் கோபப்பட்டார். சிலரை மட்டும் ஏன் சோதிக்கிறீர்கள், எல்லோரையும் சோதியுங்கள் என்பது அவர் கேள்வி. கனவான் மொழியில் யோசித்தால் இது அவமானம். எனக்கு இதுதான் வழியாகத் தெரிகிறது. ஒருத்தனைத் தனியே அழைத்துக் காதோடு கேட்கும்வரை அது குற்றச்சாட்டுதான், எவ்வளவு நயமாகக் கேட்டாலும். கோப்பை ஆட்டத்தன்று முதல் அடிக்கு முன்னால் ஒரு மேசையைப் போட்டு, ஒரு நாள் வாடகைக்காவது ஊசல் கருவியைக் கொண்டுவந்து, வருகிற எல்லோருடைய டிரைவரையும் வாங்கி வைக்கலாம். கமிட்டித் தலைவருடையதை முதலில்.