ஜென்மப் பாவமும் முன்வினையும் ஒன்றா?



தவக்காலம் வரும்போது, திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்வோர் சிலரேனும் நம் பங்குகளில் இருப்பர். காரைக்கால் கடற்கரையில் நாம் பணியாற்றும் பங்கிலும் இவர்களுக்கென மாலை வேளைகளில் மறைக்கல்வி நடைபெறுகின்றது. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வகுப்பில் மீனவத் தாய் ஒருவர் கேட்ட வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

அன்று நாம் ஜென்மப் பாவத்தை விளக்கிக்கொண்டிருந்தோம். அத்தாய் எழுந்து நின்றார். "சாமி, 2004-இல் அலை வந்தபோது என் மூன்று வயதுப் பிள்ளையை வாரிக்கொண்டு போயிற்று. முன்ஜென்மத்தில் நான் செய்த பாவம் என்று அன்றைக்குச் சொன்னார்கள். இன்றைக்கு நீங்களும் ஜென்மப் பாவம் என்கிறீர்கள். அப்படியானால் அவர்கள் சொன்னது சரிதானா?" என்றார்.

நாம் குருமடத்தில் கற்ற இலக்கணங்களையும், திரிதெந்தின் பொதுச்சங்கம் 1546-இல் அறிவித்த போதனையையும் எடுத்துரைத்தோம். அவர் தலையசைத்துவிட்டுச் சென்றார். அடுத்த இரு வாரங்கள் வகுப்புக்கு வரவில்லை. பசித்து வந்தவருக்குச் சோறிடாமல் சமையற் குறிப்பை வாசித்துக் காட்டினோம் என்பது அப்போதுதான் உறைத்தது. பிறகு அவர் இல்லம் சென்று, திண்ணையில் அமர்ந்து, முதலிலிருந்து பேசினோம். அங்குப் பேசியதையே இங்கு எழுதுகின்றோம்.

முதலில் படைப்பு. நம் முதியோர் ஆதியாகமம் என்று அழைக்கும் தொடக்க நூலின் முதற்பக்கம், கடவுள் அனைத்தையும் தம் விருப்பத்தால் படைத்தார் என்றும், படைத்தவற்றை நல்லவையெனக் கண்டார் என்றும் கூறுகின்றது. கடலும் அவர் படைப்பே. சூரியனும் சந்திரனும் விண்மீன்களும் நான்காம் நாளில் ஏற்றிவைக்கப்பட்ட விளக்குகள். விளக்கு நமக்கு ஒளி தரும். நம் வாழ்வை ஆளாது. திருநள்ளாறு அருகிலிருக்க, கிரக தோஷத்தின் அச்சம் இன்னதென்று நம் ஊரார்க்கு நன்கு தெரியும். அங்கு வரும் அயலாரை நாம் இகழலாகாது. நம்மைப் போலவே அவர்களும் துன்பத்துக்கு விடை தேடுகின்றனர். ஆயினும் திருமுழுக்குப் பெற வருபவர், கோள்களைப் படைத்தவரின் கையில் தாம் இருப்பதை அறிந்து அச்சம் நீங்கலாம்.

ஆறு நாட்கள் என்பது விஞ்ஞானக் கணக்கு அன்று. பேரண்டம் விரிகின்றது என்று 1927-இல் எழுதிய ஜார்ஜ் லெமைத்ர் பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குருவே. உலகம் எவ்வாறு உருவாயிற்று என்பதை விஞ்ஞானம் ஆராயட்டும். அது யாரால், எதற்காக உண்டாயிற்று என்பதையே மறைநூல் உரைக்கின்றது.

அடுத்தது பாவம். கடவுள் மனிதனைத் தம் சாயலில் படைத்துச் சுயாதீனமும் தந்தார். அன்புக்குச் சுயாதீனம் வேண்டும். அதுவே மறுப்பதற்கும் இடந்தருகின்றது. முதல் மனிதர் மறுத்தனர். கேட்டபோது கணவன் மனைவியைச் சுட்டினான். மனைவி பாம்பைச் சுட்டினாள். பழியைப் பிறர்மேல் போடும் அவ்வழக்கம் நம் வீடுகளில் இன்றும் தொடர்கின்றதன்றோ?

அப்படியானால் ஜென்மப் பாவம் யாது? ஜென்மம் என்ற சொல்லே குழப்பத்துக்குக் காரணம். அது முற்பிறவியைக் குறிக்கவில்லை, இப்பிறப்பையே குறிக்கின்றது. மறுபிறவி திருச்சபையின் நம்பிக்கை அன்று. தத்துவ போதக சுவாமிகள் எனப்பட்ட ராபர்ட் தெ நோபிலி 17-ஆம் நூற்றாண்டிலேயே 'புனர்ஜென்ம ஆட்சேபம்' என்றொரு நூல் எழுதினார். முன்வினை என்பது தான் செய்ததன் பயன். ஜென்மப் பாவமோ நாம் செய்த செயலே அன்று. தொடக்கத்து அருள்நிலையை இழந்த குடும்பத்தில் பிறந்ததால் நமக்கு நேர்ந்த நிலை. இதனால்தான் இன்று பலர் தொடக்கப் பாவம் என்று எழுதுகின்றனர். புதுவையிலுள்ள நம் பேராலயத்துக்கு ஜென்மராக்கினி மாதா என்று பெயர். அக்கறை படாமல் உற்பவித்தவர் அன்னை மரியா என்பதே அதன் பொருள்.

கடைமடை உழவர்க்கு இதை எளிதாகச் சொல்லலாம். சுனாமியில் கடல்நீர் புகுந்த வயல்களில் உப்பேறிப் பயிர் கருகியது. அந்த வீட்டில் மறு ஆண்டு பிறந்த குழந்தை உப்பைக் கொட்டவில்லை. ஆயினும் உவர்நிலமே அதற்கு உரிமையாயிற்று. ஜிப்சம் இட்டு, நல்ல நீரைப் பாய்ச்சி, தேக்கி வடித்த பிறகே நிலம் தேறியது. உவமையில் ஒரு குறை உண்டு: உப்பு அலையால் வந்தது, பாவம் மனிதனின் மனத்தால் வந்தது. ஆனால் நல்ல நீர் வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. அந்நீரே திருமுழுக்கு. அதன் பின்னும் களை முளைக்கும். ஆதலின் வாழ்நாள் முழுதும் களையெடுக்க வேண்டும்.

இனி அத்தாயின் வினா. சீலோவாம் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் மாண்ட செய்தியைப் பற்றி இயேசுவே பேசியுள்ளார். மாண்டவர்கள் மற்றவரைவிடப் பெரும் பாவிகள் அல்லர் என்று தெளிவுறக் கூறி, கேட்டவர்களை மனந்திரும்ப அழைத்தார். பிறவிக் குருடன் யார் செய்த பாவத்தால் அவ்வாறு பிறந்தான் என்று சீடர் கேட்டபோதும், அவன் பாவமும் அன்று, பெற்றோர் பாவமும் அன்று என்றார். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கருகே கடலடியில் நிலம் பிளந்தது; அலை எழுந்தது. அது காரைக்காலில் பாவிகளைத் தேடி வந்த அலை அன்று. பிறந்தநாள் விழா முடிந்த மறுநாள் வேளாங்கண்ணிக்குத் திருயாத்திரை வந்தோரையும் அது விட்டுவைக்கவில்லை.

"அம்மா, உங்கள் பிள்ளை உங்கள் பாவத்துக்காகச் சாகவில்லை" என்றோம். அவர் நெடுநேரம் அழுதார். பின்பு, "இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாமே, சாமி" என்றார். ஏன் அப்பிள்ளை போயிற்று என்பதற்கு நம்மிடம் விடையில்லை. சிலுவையில் தம் மகனை இழந்த தந்தை ஒருவர் உண்டு என்பதை மட்டும் நாம் அறிவோம்.

அவ்வாண்டு பாஸ்கா இரவில் படைப்பின் வரலாறு முதல் வாசகமாக வாசிக்கப்பட்டது. அதைக் கேட்ட அதே இரவில் அத்தாய் தலைகுனிந்து நீரை ஏற்றார்.

அன்பர்களே, இத்தகையோர் உங்கள் தெருவிலும் இருப்பர். துன்புற்றவரிடம் 'என்ன பாவம் செய்தாரோ' என்று சொல்லும் வழக்கம் கிறிஸ்தவ வீடுகளிலும் உண்டு. இத்தவக்காலத்தில் அவ்வொரு சொல்லை நம் நாவிலிருந்து விலக்குவோம். புதிதாய் வருவோர்க்கு நம் இல்லங்கள் தரும் முதல் மறைக்கல்வி அதுவாக இருக்கட்டும்.