அப்பாயி கைச் சோறு

எங்க அப்பாயி ஒரு வகுப்புகூடப் படித்தவர் இல்லை. ஆனால் பதினெட்டு வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்!

லால்குடி பக்கம் சின்ன கிராமம். தாத்தா பாம்பு கடித்து இறந்தபோது அப்பாயிக்கு முப்பத்து மூன்று வயசு. மூத்தவர் என் அப்பா. சின்ன அத்தை கைக்குழந்தை. நடவு, களை, கதிர் அறுப்பு என்று கூலிக்குப் போய்த்தான் குடும்பம் ஓடியது. வேலை இல்லாத மாசங்களில் கேப்பைக் கூழ். அதையும் பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டு, "எனக்கு இன்னிக்கு விரதம்" என்பாராம். "எத்தனை நாள் நிஜ விரதம், எத்தனை நாள் சோறு இல்லாத விரதம்னு எங்களுக்கே தெரியாது" என்று அப்பா சொல்வார்.

1982 ஜூலை 1-ம் தேதி திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஊர் ஊராக மையங்கள் திறந்தபோது, விதவைகளுக்கு வேலையில் முன்னுரிமை கொடுத்தார்கள். எங்க ஊர் தொடக்கப் பள்ளியில் அப்பாயிக்கு ஆயா வேலை கிடைத்தது. சம்பளம் சொற்பம்தான். ஆனாலும், மாசம் பிறந்தால் கையில் காசு என்பதை அந்த வீடு அப்போதுதான் பார்த்தது.

சின்ன அத்தையை ஆடு மேய்க்க அனுப்பச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். "ஊர்ப் புள்ளைங்களுக்கு நான் அங்க சோறு போடுவேன், எம்புள்ள ஆட்டுக்குப் பின்னால போகணுமா?" என்று கேட்டவர், அத்தையைப் பத்தாவது வரை படிக்க வைத்தார்.

அப்பாயிக்கு எல்லாமே சமயபுரம் மாரியம்மன்தான். மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கியதும், பக்தர்களுக்காக அம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி இருப்பதாக ஐதீகம். அந்த நாட்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, இளநீர், பானகம், நீர்மோர்தான். அப்பாயியும் அதே மாதிரி இருப்பார். காய்ந்த வயிற்றோடு, விறகுப் புகையில் நின்று அண்டா சாம்பாரைக் கிண்டுவார். உப்பு சரியா என்று நாங்கள்தான் நாக்கில் விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை போட ஆரம்பித்தார்கள். "விரதக்காரி முட்டை உரிக்கிறாளே" என்று தெருவில் பேச்சு கிளம்பியது. அப்பாயி அசரவில்லை. "ஆத்தா பட்டினி கெடக்கிறதே புள்ளைங்களுக்காகத்தான். புள்ளைங்க தட்டுல வைக்கிறதுக்கா கோவிச்சுக்கப் போறா?" என்றார். நானும் அதே பள்ளியில்தான் படித்தேன். பேத்தி என்பதற்காக என் தட்டில் இரண்டாவது முட்டை விழுந்ததே இல்லை.

2012-ல் அப்பாயி இறந்தபோது டிரைவர், கொத்தனார், வாத்தியார் என்று எங்கெங்கோ இருந்து வந்து, "அவங்க கையால சாப்பிட்டு வளர்ந்தவன்" என்று சொல்லி நின்றார்கள். 'தாலி அறுத்தவ, நல்ல காரியத்துல முன்னால நிக்கக் கூடாது' என்று ஒதுக்கி வைத்த அதே தெருவில், அன்று நிற்க இடமில்லை.

சகோதரிகளே, உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால், அங்கே சமைத்துப் போடும் அம்மாவின் பெயரைக் கேட்டு வரச் சொல்லுங்கள். வெறும் 'ஆயா' என்று தெரிந்தால் போதாது. எங்க ஊரில் பல பேருக்கு அப்பாயியின் பெயர், கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

- ஒரு வாசகி, திருச்சி.