ஜியோகேச்சிங்: 'புதையல்' ஒளிக்க யாரிடம் அனுமதி பெற வேண்டும்? நடைமுறைக் கேள்விகளும் விளக்கங்களும்

புது தில்லி: கைப்பேசியில் தெரியும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பின்பற்றிச் சென்று, முன்பின் அறியாத ஒருவர் ஒளித்து வைத்த சிறு பெட்டியைக் கண்டுபிடிக்கும் பொழுதுபோக்கு ஜியோகேச்சிங் எனப்படுகிறது. உலகெங்கும் 30 லட்சத்துக்கும் அதிகமான பெட்டிகள் இவ்வாறு ஒளித்து வைக்கப்பட்டுள்ளன. இந்தியாவிலும் இவ்விளையாட்டில் ஈடுபடுவோர் உள்ளனர்.

ஆனால், கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடக் கூடாது என்று ரயில் நிலையங்களில் ஓயாமல் அறிவிக்கப்படும் நாடு இது. இங்கு பொது இடத்தில் பெட்டியை மறைத்து வைப்பது எந்த அளவில் விளையாட்டு, எந்த இடத்தில் சட்டச் சிக்கல் என்ற கேள்வி எழுவது இயல்பே. அதற்கான விடைகளை இங்கு காண்போம்.

தொடங்கியது எப்படி?

அமெரிக்காவின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பொதுமக்களுக்கு அனுப்பும் சமிக்ஞைகளில் வேண்டுமென்றே பிழை சேர்க்கப்பட்டு வந்தது. அந்த நடைமுறையை 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அதிபர் பில் கிளிண்டனின் அரசு கைவிட்டது. அதுவரை 100 மீட்டர் வரை விலகிக் காட்டிய கருவிகள், ஒரே இரவில் பல மடங்கு துல்லியம் பெற்றன.

அதைச் சோதிக்கும் நோக்கில், மே 3-ஆம் தேதி டேவ் உல்மர் என்பவர் ஓரிகான் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்து, அதன் இருப்பிட எண்களை இணையத்தில் வெளியிட்டார். பாதி மண்ணில் புதைக்கப்பட்டிருந்த அந்த வாளியில், பீன்ஸ் அடைத்த டப்பா ஒன்றும் இருந்தது. இன்றைய விதிகளின்படி பெட்டியை மண் தோண்டிப் புதைக்கவும் கூடாது. அதில் உணவுப் பொருள் வைக்கவும் கூடாது. தோண்டினால் நிலம் பாழாகும், உணவு வைத்தால் விலங்குகள் தேடி வரும் என்பதே இதற்குக் காரணம்.

ஒளிவு மறைவு யாரிடம்?

இவ்விளையாட்டை அறியாத வழிப்போக்கர்களை ஆர்வலர்கள் 'மகிள்' என்று அழைக்கின்றனர். ஹாரி பாட்டர் கதைகளில் மந்திரம் அறியாதவர்களுக்கு வழங்கும் பெயர் அது. அவர்கள் கண்ணில் படாமல் பெட்டியை எடுத்து, பதிவேட்டில் கையெழுத்திட்டு, மீண்டும் வைப்பதில்தான் விளையாட்டின் சுவை உள்ளது.

ஆனால் இந்த ரகசியம் வழிப்போக்கரிடம் மட்டுமே காக்கப்பட வேண்டியது. நிலத்தின் உரிமையாளரோ, அதை நிர்வகிக்கும் துறையோ அறியாமல் எதையும் வைக்கக் கூடாது என்பது ஜியோகேச்சிங்கின் அடிப்படை விதியாகும். இதை மீறினால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தின் வெதர்பி நகரம் உதாரணம். 2011-ஆம் ஆண்டு அங்கு ஒருவர் தெருவோரத்தில் பெட்டியைக் கையாண்டதைக் கண்டவர்கள் சந்தேகம் அடைந்தனர். வெடிகுண்டு நிபுணர்கள் வரவழைக்கப்பட்டு, அந்தப் பெட்டி வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. உள்ளே இருந்தது ஒரு ஜியோகேச்.

இந்தியாவில் இந்த எச்சரிக்கை உணர்வுக்கு வலி மிகுந்த வரலாறு உண்டு. 1985-ஆம் ஆண்டு மே மாதம் தில்லியிலும் வட இந்தியாவின் வேறு சில இடங்களிலும், டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டிகளில் மறைத்து வைக்கப்பட்ட குண்டுகள் வெடித்துப் பலர் உயிரிழந்தனர். எனவே, பூங்கா இருக்கைக்கு அடியில் மூடிய டப்பாவைக் கண்டு ஒருவர் காவல் துறையை அழைத்தால், அவர் தமது கடமையைத்தான் செய்கிறார். தவறு, சொல்லாமல் வைத்தவருடையது.

யாரிடம் அனுமதி பெறுவது?

இடத்தைப் பொறுத்து இது மாறுபடும். நகரப் பூங்காவாக இருந்தால் மாநகராட்சி அல்லது நகராட்சியின் பூங்காப் பிரிவை அணுக வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பு வளாகத்துக்குக் குடியிருப்போர் நலச் சங்கம், கிராமப் பொது நிலத்துக்கு ஊராட்சி, வழிபாட்டுத் தலத்துக்கு அதன் நிர்வாகம் ஆகியோரின் சம்மதம் தேவை. கடைவாசலோ தோட்டமோ எதுவானாலும், தனியார் இடம் என்றால் அதன் உரிமையாளரின் ஒப்புதல் கட்டாயம். காவலாளியிடம் வாய்மொழியாகச் சொல்லி வைப்பது அனுமதி ஆகாது. அவர் மாறியதும் அந்த வார்த்தைக்குச் சாட்சி இராது.

விண்ணப்பக் கடிதத்தில் பெட்டியின் அளவு, வைக்கப்படும் இடம், உள்ளே இருக்கும் பொருள்கள், ஒளிப்பவரின் பெயர், தொலைபேசி எண் ஆகியவை இடம்பெற வேண்டும். கேட்ட மாத்திரத்தில் பெட்டியை அகற்றிக் கொள்வதாகவும் அதில் உறுதி அளிப்பது நல்லது. அனுமதி கிடைத்த பின், அருகில் உள்ள காவல் நிலையத்துக்கும் அதன் நகலுடன் தகவல் தெரிவித்து வைப்பது வீண் பதற்றத்தைத் தவிர்க்கும்.

எங்கெல்லாம் வைக்கவே கூடாது?

ராணுவ நிலையங்கள், விமான நிலையங்கள், அணைகள், பாலங்கள், அரசு அலுவலகங்கள், பள்ளிகள் ஆகியவற்றின் சுற்றுப்புறத்தைத் தவிர்க்க வேண்டும். ரயில்வே சட்டம் 1989-இன் 147-ஆவது பிரிவின்படி, ரயில்வே பகுதிக்குள் அத்துமீறி நுழைவோருக்கு 6 மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்க முடியும்.

சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் நுழைவதையே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972 கட்டுப்படுத்துகிறது. சுற்றுலா நுழைவுச் சீட்டு, உள்ளே ஒரு பொருளை விட்டு வருவதற்கான அனுமதி அல்ல. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களும் அவ்வாறே. அவற்றைச் சேதப்படுத்துவோருக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கச் சட்டம் வகை செய்கிறது. பெட்டி ஒளிக்க ஒரு கல்லைப் பெயர்ப்பது விளையாட்டாகத் தோன்றலாம். சட்டம் அதைச் சேதமாகவே கருதக் கூடும்.

பெட்டி எப்படி இருக்க வேண்டும்?

உள்ளிருப்பது வெளியே தெரியும் ஒளிபுகும் டப்பாவே இந்தியச் சூழலுக்கு ஏற்றது. இது ஒரு விளையாட்டுப் பெட்டி என்ற விளக்கத்தையும் தொடர்பு எண்ணையும் வெளிப்புறத்திலேயே, ஆங்கிலத்துடன் அந்தந்த வட்டார மொழியிலும் எழுதி ஒட்டலாம். மழை நீர் புகாத மூடியும் அவசியம். கத்தி, பட்டாசு, தீக்குச்சி, மது, மருந்து ஆகியவற்றை வைக்கக் கூடாது. ஒரு பெட்டிக்கும் மற்றொன்றுக்கும் இடையே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது ஜியோகேச்சிங் டாட் காம் தளத்தின் விதியாகும்.

சுற்றுலா சென்ற ஊரில் பெட்டியை ஒளித்துவிட்டுத் திரும்புவதையும் அத்தளம் பொதுவாக ஏற்பதில்லை. பெட்டி உடைந்தாலோ நனைந்தாலோ சென்று சரிசெய்யும் தொலைவில் அதன் உரிமையாளர் இருக்க வேண்டும். பராமரிக்க ஆளில்லாத பெட்டி, சில மாதங்களில் வெறும் குப்பையாகிவிடும்.

தேடுவோர் கவனத்துக்கு...

* பேனா எடுத்துச் செல்லுங்கள். பதிவேட்டில் கையெழுத்திட்ட பின்னரே கண்டுபிடித்ததாக இணையத்தில் பதிவிட வேண்டும்.

* பெட்டியிலிருந்து ஒரு பொருளை எடுத்தால், அதற்கு இணையான அல்லது கூடுதல் மதிப்புள்ள ஒன்றை வையுங்கள். பதிவேட்டை எடுக்கக் கூடாது.

* எடுத்த இடத்தில், எடுத்த விதமாகவே திரும்ப வையுங்கள். 'இன்னும் நல்ல இடம்' என்று மாற்றி வைத்தால் அடுத்தவர் ஏமாறுவார்.

* மறைவிடம் தெரியும்படியான படங்களை வெளியிடாதீர்கள்.

* கிடைக்கவில்லை என்றால் அதையும் பதிவிடுங்கள். பெட்டி தொலைந்திருக்கலாம் என்பதை உரிமையாளர் அறிய அதுவே வழி.

அடிக்கடி எழும் கேள்விகள்

கைப்பேசி மட்டும் போதுமா? போதும். திறந்த வெளியில் கைப்பேசியின் துல்லியம் ஏறத்தாழ 5 மீட்டர். அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் பிழை அதிகரிக்கும். எனவே கடைசிச் சில மீட்டர்களில் திரையைவிடக் கண்களையே நம்ப வேண்டும். வெளிநாட்டு மலையேற்றப் பயணிகள் பயன்படுத்தும், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள் வேறு வகை. அவற்றை முன் அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பது சட்டவிரோதம்.

காவலர் விசாரித்தால்? பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, செயலியில் உள்ள பக்கத்தைக் காட்டி, என்ன செய்கிறீர்கள் என்பதை உள்ளபடி கூறுங்கள். ஓடுவதும் மழுப்புவதும் சந்தேகத்தையே வளர்க்கும். அந்த இடத்தை விட்டுச் செல்லுமாறு அவர் கூறினால், சென்றுவிடுவதே முறை.

வழி தனியார் நிலத்துக்குள் சென்றால்? வேலி தாண்டாதீர்கள். உரிமையாளரிடம் கேளுங்கள், இல்லையேல் திரும்பிவிடுங்கள். அத்துமீறல் புகார் எழுந்தால், சூழ்நிலையைப் பொறுத்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆவது பிரிவின் கீழ் வழக்குக்கு இடமுண்டு.

சிறுவர்களை அழைத்துச் செல்லலாமா? பெரியவர் துணையுடன், பகல் நேரத்தில் செல்லலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் தேடுதலின் கடினம், நிலப்பரப்பின் கடினம் என இரு அளவுகள் 1 முதல் 5 வரை தரப்பட்டிருக்கும். இரண்டும் 1 அல்லது 2 என உள்ளவற்றில் தொடங்கலாம். பொந்துகளிலும் கல் இடுக்குகளிலும் வெறும் கையை விடக் கூடாது. பாம்பும் தேளும் அங்கே இருக்கலாம். முதலில் டார்ச் அடித்துப் பார்த்து, குச்சியால் தட்டுவது பாதுகாப்பானது. அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

பெட்டியே இல்லாமல் விளையாடலாம்

அனுமதி கிடைக்காத இடங்களுக்கும் ஒரு வழி உண்டு. அமெரிக்க நிலவியல் சங்கம் 2004-ஆம் ஆண்டு தொடங்கிய 'எர்த்கேச்' முறையில் ஒளிப்பதற்குப் பெட்டியே கிடையாது. பாறை, அருவி, எரிமலைப் படிவு போன்ற இடத்துக்குச் சென்று, கண்ணால் கண்டதை வைத்து நிலவியல் கேள்விகளுக்கு விடை அனுப்ப வேண்டும். கர்நாடகத்தின் மால்பே கடற்கரைக்கு அப்பால் உள்ள செயின்ட் மேரீஸ் தீவுகளின் எரிமலைப் பாறைத் தூண்கள் இத்தகைய விளையாட்டுக்கு உகந்தவை. எனினும், அங்கும் நிர்வாகத்தின் விதிகளுக்கு உட்பட்டே செல்ல வேண்டும்.

தேடிச் செல்லும் வழியில் கிடக்கும் குப்பையைச் சேகரித்து வருவதும் 2002-ஆம் ஆண்டு முதல் இவ்விளையாட்டின் ஓர் அங்கமாக உள்ளது. ஜியோகேச்சிங்குக்கு ஒரு பூங்கா நிர்வாகம் அனுமதி அளிப்பதும் மறுப்பதும், அதற்கு முன் வந்த ஆர்வலர்கள் அந்த இடத்தை எப்படி விட்டுச் சென்றார்கள் என்பதைப் பொறுத்தே அமையும். ஒருவர் கேட்காமல் வைக்கும் பெட்டி, கேட்டு வைக்க வரும் அடுத்தவருக்கான கதவையும் அடைத்துவிடும்.