வாங்கும்போதே முடிவாகும் வேகம்

கல்லூரிகள் திறக்கும் மாதங்களில் நடுத்தரக் குடும்பங்களின் செலவுப் பட்டியலில் மடிக்கணினியும் இடம்பெறுகிறது. தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டம் பல வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டுசேர்த்தது. இன்று பாடநூலுக்கு அடுத்த தேவையாகவே அது ஆகிவிட்டது. படிப்புக்கென வாங்கிய கணினியில் சில மாதங்கள் கழித்து மாணவர் புதிய விளையாட்டு ஒன்றை நிறுவுகிறார். காட்சி விட்டுவிட்டு நகர்கிறது. கணினியின் அடிப்பகுதி சுடுகிறது. "ராமைக் கூட்டினால் சரியாகிவிடும்" என்கிறார் நண்பர். பெற்றோரிடம் மேலும் சில ஆயிரம் ரூபாய் கேட்கப்படுகிறது.

அந்தப் பணம் பலன் தருமா? சென்னை ரிச்சி தெருவின் கடைகளிலும் சிறு நகரங்களின் பழுதுநீக்கும் நிலையங்களிலும் எழும் கேள்விதான் இது. சில குறைகளை அந்தச் செலவு தீர்க்கும். ஆனால், எந்தக் குறைக்காகப் பணம் கேட்கப்பட்டதோ, அது பெரும்பாலும் தீராது. ஏன் என்பதை அறிந்துகொள்வது வீண்செலவைத் தவிர்க்க உதவும்.

கணினி விளையாட்டு என்பது திரைப்படத்தைப் போல முன்பே பதிவு செய்யப்பட்ட காட்சி அன்று. விளையாடுபவர் திரும்பும் ஒவ்வொரு கணமும் காட்சி புதிதாக வரையப்பட வேண்டும். நொடிக்கு 60 படங்கள் என்றால் ஒரு படத்தை வரைய ஏறத்தாழ 16.7 மில்லி நொடிகளே கிடைக்கும். அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட திரையில், ஒரு படத்துக்கு 20,73,600 புள்ளிகளின் நிறத்தைக் கணக்கிட வேண்டும். இந்த வேலையைச் செய்வது வரைகலைச் செயலி. விலை உயர்ந்த விளையாட்டுக் கணினிகளில் அது தனிச் சில்லாக, தனக்கென நினைவகத்துடன் இருக்கும். குறைந்த விலை மடிக்கணினிகளில் மையச் செயலிக்குள் அடங்கிய ஒரு சிறு பகுதியே அந்தப் பொறுப்பையும் சுமக்கிறது.

இனி, மாற்றக்கூடியவற்றைப் பார்ப்போம். பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தினால் கணினி புத்துயிர் பெற்றதுபோல் தோன்றும். நிமிடக்கணக்கில் காத்திருந்தவை நொடிகளில் திறக்கும். படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் இதைவிடச் சிறந்த மேம்பாடு இல்லை. விளையாட்டு விரைவில் தொடங்குவதற்கும் இது உதவும். ஆனால், தொடங்கிய பின்னர் நொடிக்கு 25 படங்களே வரைந்த கணினி, எஸ்எஸ்டி வந்த பிறகும் ஏறக்குறைய அதே 25 படங்களைத்தான் வரையும்.

அடுத்தது, ராம் எனப்படும் நினைவகம். தனி வரைகலைச் சில்லு இல்லாத கணினியில் வரைகலைப் பகுதியும் இதே நினைவகத்தைத்தான் பங்கிட்டுக்கொள்கிறது. டிடிஆர்4-3200 வகை நினைவகம் ஒற்றை வழியில் நொடிக்கு அதிகபட்சம் 25.6 கிகாபைட் தரவைக் கடத்தும். இன்னொன்றைச் சேர்த்து இரட்டை வழியாக்கினால் அது 51.2 கிகாபைட் ஆகும். எனவே, ஒற்றை ராமுடன் வந்த கணினியில் இரண்டாவதைச் சேர்ப்பது உண்மையான முன்னேற்றம் தரும். அதற்குக் காலியான இடம் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது.

இத்துடன் எல்லை வந்துவிடுகிறது. 'சைபர்பங்க் 2077' விளையாட்டின் குறைந்தபட்சத் தேவையாக அறிவிக்கப்பட்டிருப்பது, 2016-இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1060 வரைகலை அட்டை. அந்தப் பழைய அட்டையின் நினைவகமே நொடிக்கு 192 கிகாபைட் தரவைக் கையாளும். நாம் பாடுபட்டு எட்டிய 51.2 அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதையும் மையச் செயலியுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும். ராமை 8 கிகாபைட்டிலிருந்து 32 ஆக்கினாலும் இந்த இடைவெளி மூடாது. குடத்தைப் பெரிதாக்கினால் குழாயில் வரும் நீர் கூடுவதில்லை.

செயலியையே மாற்றிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். 2013-இல் வெளியான ஹாஸ்வெல் தலைமுறைக்குப் பிறகு, மடிக்கணினிகளுக்கான இன்டெல் செயலிகள் கழற்றி மாட்டும் வடிவில் வருவதில்லை. அவை பலகையுடன் பற்றவைக்கப்படுகின்றன. வரைகலைச் சில்லின் நிலையும் பெரும்பாலும் இதுவே. தண்டர்போல்ட் இணைப்பு வழியாக வெளியே தனி வரைகலை அட்டையைப் பொருத்தும் வசதி உண்டு. ஆனால், குறைந்த விலைக் கணினிகளில் அந்த இணைப்பு அரிது. இருந்தாலும் அட்டை, அதற்கான பெட்டி, மின்வழங்கி என்று கூட்டிப் பார்த்தால், மேசைக் கணினியே வாங்கிவிடலாம் போலிருக்கும்.

வெப்பமும் மின்சாரமும் மற்றொரு வரம்பு. மெல்லிய மடிக்கணினிகளுக்கான செயலி பெரும்பாலும் 15 வாட் அளவை மையமாகக் கொண்டு வடிவமைக்கப்படுகிறது. அதனுடன் வரும் மின்னேற்றி 45 அல்லது 65 வாட் தரும். விளையாட்டுக் கணினிகளின் மின்னேற்றிகளோ 180 வாட்டையும் தாண்டுகின்றன. ஒரு சிறு விசிறியும் ஒரு மெல்லிய செப்புக்குழாயும் வெளியேற்றக்கூடிய வெப்பத்துக்கு அளவு உண்டு. அதை மீறும்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. முதல் பத்து நிமிடம் ஓடிய விளையாட்டு பிறகு தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். நம் ஊர்க் கோடையில் 38 பாகை வெப்பம் உள்ள அறையில் இந்தச் சிக்கல் மேலும் கூடும். தூசு தட்டி, வெப்பப் பசையைப் புதுப்பிப்பது நல்லதுதான். அது இழந்த திறனை மீட்குமே தவிர, இல்லாத திறனைத் தந்துவிடாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? முதலில் செலவில்லாத வழி. விளையாட்டின் அமைப்பில் காட்சி அளவை 1280×720 ஆகக் குறைத்தால், வரைய வேண்டிய புள்ளிகள் 9,21,600 ஆகச் சுருங்கும்; முன்பிருந்ததில் பாதிக்கும் குறைவு. எந்தப் புதிய ராமும் இவ்வளவு சுமையைக் குறைக்காது. அடுத்து, காலி இடமும் ஒற்றை ராமும் இருந்தால் இரண்டாவது ராம். வன்தட்டு இருந்தால் எஸ்எஸ்டி. இவை படிப்புக்கும் பயன்படும் என்பதால் வீணாகா. அதற்கு மேல் செலவிடத் தோன்றினால், அந்தப் பணத்தை அடுத்த கணினிக்கெனச் சேமிப்பதே அறிவுடைமை.

எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்ற விவரம் வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரிவதில்லை என்பதுதான் இதில் உள்ள பெரிய குறை. பெட்டியின் மீது செயலியின் பெயர் பளிச்சென்று இருக்கும். ராம் பற்றவைக்கப்பட்டதா என்பது இருக்காது. பிரான்ஸில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்களுக்குப் பழுதுநீக்கத் தகுதி மதிப்பெண் குறிப்பிடுவது கட்டாயமாக்கப்பட்டது. வரைகலைப் பகுதியையே கழற்றி மாற்றக்கூடிய மடிக்கணினியை ஃபிரேம்வொர்க் நிறுவனம் விற்கிறது. தொழில்நுட்பத்தால் இயலும் என்பதற்கு அது சான்று. ஆனால், விலை நம் மாணவர்களுக்கு எட்டாதது. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் நலத்துறை 2022-இல் பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. குளிர்சாதனப் பெட்டியின் மின்சிக்கனத்தை நட்சத்திரங்களால் அறிவிப்பதைப் போல, மடிக்கணினியில் எவற்றை மாற்றலாம் என்பதையும் பெட்டியின் மீதே அறிவிக்கச் செய்வது கடினமான காரியம் அன்று.

அதுவரை பொறுப்பு வாங்குபவருடையதே. பெற்றோரும் மாணவரும் கடைக்குச் செல்லும் முன்பே, அடுத்த நான்கு ஆண்டுகளில் இந்தக் கணினி எதற்கெல்லாம் பயன்படும் என்று வெளிப்படையாகப் பேசிக்கொள்ள வேண்டும். விளையாட்டும் அதில் உண்டு என்று சொல்ல மாணவர் தயங்க வேண்டியதில்லை. கேட்டதும் பெற்றோர் சினம் கொள்ள வேண்டியதுமில்லை. அன்று பேசாமல் விட்டதைப் பின்னர் எந்தக் கடைக்காரராலும் கணினிக்குள் பொருத்தித் தர முடியாது.