மாறாத ஓர் எண்ணைத் தேடி

ஒரு தளத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் இன்னொரு புள்ளிக்கு நகர்த்தும் விதியைக் கணிதத்தில் கோர்த்தல் என்பார்கள். நகர்த்தும்போது வடிவம் எவ்வளவு கோணினாலும் பரப்பு கூடாமல் குறையாமல் இருந்தால், அது பரப்பு காக்கும் கோர்த்தல். தாடிக்கொம்பை ஒட்டிய குடகனாற்றில் நீர் வரும்போது ஒரு துளிச் சாயத்தை விட்டால், கரைந்து கலப்பதற்கு முன் அது நூலாக இழுபடும். நீர் அமுங்காது என்பதால், நீண்ட அளவுக்கு மெலியுமே தவிர மொத்த அளவு மாறாது. உராய்வில்லாத இயக்கங்கள் எல்லாவற்றிலும், கோள்களின் சுற்று முதல் முடுக்கிகளில் சுழலும் துகள்கள் வரை, இந்தக் காப்பு உண்டு.

அதே விதியை லட்சம் முறை திரும்பத் திரும்பச் செய்தால் புள்ளி எங்கே போகும்? இதுதான் மையக் கேள்வி. ஒவ்வொரு அடியிலும் மாறாமல் நிற்கும் ஒரு கணியம் இருந்தால், புள்ளி ஒரு வளைகோட்டை விட்டு விலக முடியாது. தளத்தில் அப்படி ஒன்று கிடைத்தாலே அக்கோர்த்தல் தொகையிடத்தக்கது.

1942-இல் லைனஸ் என்பவர் எழுதிய ஒரு விதியைத் தாளில் போட்டே பார்க்கலாம். கடைசி எண்ணோடு 2-ஐக் கூட்டி, அதற்கு முந்தைய எண்ணால் வகுத்தால் அடுத்த எண் வரும். 1, 1 எனத் தொடங்கினால் 3, 5, 7/3 என்று போகும். அடுத்தடுத்த இரு எண்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் தலைகீழோடும் 1 கூட்டிப் பெருக்கி, அதை அவ்விரு எண்களோடு 2 சேர்ந்த கூட்டுத்தொகையால் பெருக்க வேண்டும். 1, 1-க்கு 2 × 2 × 4 = 16. 3, 5-க்கு 4/3 × 6/5 × 10, அதுவும் 16. எத்தனை அடி போனாலும் 16-தான். எண்கள் தாறுமாறாகத் தோன்றினாலும் அடியில் இப்படி ஒரு கட்டுப்பாடு இருப்பது வியப்புக்குரியது. விதியில் 2-க்குப் பதில் 1 போட்டால் 1, 2, 3, 2, 1 என ஐந்தடிக்கு ஒருமுறை வரிசையே திரும்பிவிடும். எண்களின் மடக்கையை அச்சுகளாகக் கொண்டு வரைந்தால் இந்த விதி பரப்பையும் காக்கிறது.

இத்தகைய விதிகள் அரிதானவை. சீரான இடைவெளியில் உந்தப்படும் சுழலியை விவரிக்கும் போரிஸ் சிரிகோவின் திட்டக் கோர்த்தலில் உந்தலின் வலிமை சுழியாக இருக்கும்வரை எல்லாப் பாதைகளும் ஒழுங்கானவை. சிறிது கூட்டினாலும் பெரும்பாலான வளைகோடுகள் தாக்குப்பிடிக்கும். 1954-இல் கோல்மோகோரவ் தொடங்கி ஆர்னால்டும் மோசரும் நிறைவுசெய்த தேற்றம் சொல்வது இதைத்தான். வலிமை ஏறத்தாழ 0.9716-ஐத் தாண்டும்போது, குறுக்கே அணைபோல் நின்ற கடைசி வளைகோடும் உடைகிறது. ஜான் கிரீன் 1979-இல் கணக்கிட்ட எண் இது. அதன்பின் கேயாஸ் என்னும் ஒழுங்கின்மை தளம் முழுக்க வழி கண்டுகொள்ளும்.

மாறாக் கணியம் இருக்கிறதா என்பதை விதியைப் பார்த்தே சொல்வது எப்படி? 1988-இல் குவிஸ்பெல், ராபர்ட்ஸ், தாம்சன் மூவரும் 18 மாறிலிகள் கொண்ட ஒரு பெருங்குடும்பத்தையே தொகையிடத்தக்கதாகக் காட்டினார்கள். லைனஸின் விதியும் அதில் அடங்கும். 1991-இல் கிராமட்டிகோஸ், ரமானி, பாபஜார்ஜியு ஒரு சோதனையைத் தந்தார்கள். வகுக்கும் எண் சுழியாகி மதிப்பு முடிவிலிக்கு ஓடும் இடத்தில், தொடக்க மதிப்பின் நினைவு அழிகிறது. சில அடிகளில் அது மீண்டுவந்தால் விதி தேறும்.

இத்துறையில் தமிழர் உழைப்பு கணிசமானது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மு. லட்சுமணன் நேரியல்லா இயக்கவியலுக்கு ஒரு வலுவான பள்ளியை உருவாக்கினார். அவரும் ஆர். சகாதேவனும் அலையியற்றிகளின் தொகையிடத்தக்க தன்மை பற்றி 1993-இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, தொடர் இயக்கங்களில் இதே கேள்வியை எழுப்புகிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கே. எம். தமிழ்மணி, கிராமட்டிகோஸ், ரமானி ஆகியோரோடு சேர்ந்து படிப்படியான விதிகளை நீண்டகாலம் ஆராய்ந்தவர்.

1991-இல் வந்த அந்த முடிவிலிச் சோதனை மட்டும் போதாது என்பதை 1998-இல் ஹியட்டாரின்டாவும் வியாலேயும் காட்டினார்கள். அவர்கள் எடுத்த பரப்பு காக்கும் விதி சோதனையில் தேறியும் ஒழுங்கின்மையில்தான் முடிந்தது. விதியைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது கிடைக்கும் கோவையின் படி எவ்வளவு வேகமாக உயர்கிறது என்பதே கூடுதல் அளவுகோலாயிற்று. தொகையிடத்தக்க விதிகளில் அது அடிகளின் எண்ணிக்கையின் வர்க்கத்தை ஒட்டி நிதானமாக வளரும். இவர்கள் விதியிலோ அடிக்கு அடி ஏறத்தாழ 2.618 மடங்காகப் பெருகுகிறது.